கை தவறல ஏட்டம்மா

கையெழுத்துப் போட மாட்டேன் ஏட்டம்மா. நாளைக்குக் காலம்பற வரைக்கும் நீங்க இந்த பெஞ்சுல உக்காந்திருந்தாலும் போட மாட்டேன். 'கை தவறி வெட்டுப் பட்டுவிட்டது'ன்னு எழுதியிருக்கியள்லா, அந்த வரிய மொதல்ல அடிங்க. நல்லா கறுப்பா அடிங்க. என் கை தவறல. முப்பத்தொரு வருசமா மீனு வெட்டுத கை இது. இன்னாசியம்மா கை தவறிட்டுன்னு மார்க்கெட்டுல எவளாவது என் முகத்துக்கு நேரா சொல்லட்டும், நாக்க அறுத்துப் பூனைக்குப் போடுதேன்.

தெரியும். போட்டா வீட்டுக்குப் போவேன், போடாட்டி கேசு, உங்க கூட வரணும். அதான சொல்லுதிய? மூணு தரம் சொல்லிட்டிய. எனக்குக் காது நல்லாத்தான் இருக்கு. வாரேன். ஜெயில்ல போடுங்க. என் மருமக ஜெனோவா கைய நான் வெட்டுனேன். இன்னைக்குக் காலையில ஆறரை மணிக்கு, மீன் மார்க்கெட்டுல, நூறு பேரு பாக்க, வேணும்னே வெட்டுனேன். அப்படி எழுதுங்க, இப்பமே போடுதேன்.

என்ன அப்படிப் பாக்கிய? நான் கோவக்காரி இல்ல. யார்ட்ட வேணா கேட்டுப் பாருங்க. பொறுமைசாலி நான். காலையில அந்த நர்ஸத் தள்ளுனது வேற விசயம். அந்தப் பொண்ணு பிரசர் பாக்குத பட்டைய எடுத்துட்டு வந்து நேரா என் வலது கையில சுத்துதா. இந்தக் கையில பிரசர் பாக்கக் கூடாது, ஊசி போடக் கூடாது, ரத்தம் எடுக்கக் கூடாது. படிச்சவளுக்குத் தெரிய வேண்டாமா? ரெண்டு தடவ வேண்டாம்னேன். கேக்கல. தள்ளுனேன். தட்டு ஒரு பக்கம், அவ ஒரு பக்கம். மத்த நாளுன்னா ஜெனோவா முன்னாலயே ஓடிப் போயி, 'எங்க அத்தைக்கு இடது கையில பாருங்க சிஸ்டர்'னு சொல்லிருவா. வாயாடி. எங்க போனாலும் எனக்கு முன்னால வாயத் தொறக்குதவ. இன்னைக்கு அவ உள்ள ஆப்பரேசன் மேசையில கெடக்கா. யாரு சொல்லுவா? எனக்குச் சொல்லத் தெரியாது, செய்யத்தான் தெரியும்.

இந்தக் கையப் பாருங்க. கூச்சப்படாமப் பாருங்க. இடது கையையும் பக்கத்துல வைக்கேன். ஒரே ஆளு கை மாதிரியா இருக்கு? வீக்கத்துக்குச் சுத்தியிருந்த துணிக் கட்டக் காலையில அவுத்துட்டேன், அதான் இப்படி. சாயங்காலத்துக்குள்ள இன்னும் ஊதும். நீங்க விரல வச்சு அமுக்குனா குழி விழும், குழி நெறைய நேரமாகும்.

இது எப்படி இருந்த கை தெரியுமா? பன்னெண்டு கிலோ சீலாவக் கட்டையில போட்டா தலை ஒரே வெட்டு. ரெண்டாவது வெட்டு வெட்டுனா அது வெட்டு இல்ல, கொத்து. கொத்துதவ எங்க மார்க்கெட்டுல நெறையப் பேரு இருக்கா. வெட்டுதவ நான் ஒருத்திதான். சுறாவ வெட்டியிருக்கேன், ஆளு ஒசரத் திருக்கைய வெட்டியிருக்கேன். ஒரு தடவ ஒருத்தன் குடிச்சிட்டு வந்து என் இடுப்புல கைய வச்சான். கையில இருந்த பாரையாலயே முகத்துல வீசுனேன். மூக்கு ஒடைஞ்சு, ரத்தமும் செதிலுமா ஓடுனான். பாரைக்கு ஒண்ணும் ஆகல. கழுவி அடுத்த ஆளுக்கு வெட்டிக் குடுத்துட்டேன்.

எங்க வீட்டுக்காரரு ராயப்பனும் என்னைய அடிச்சவருதான். கல்யாணமான புதுசுல, வலையில மீனு படாத நாளெல்லாம் என் மேலதான் படும். ஒரு தடவ தாடை நழுவிட்டு, ஒரு வாரம் கஞ்சித் தண்ணிதான். அப்பதான் நான் மார்க்கெட்டுல வெட்டப் பழகுனேன். ரெண்டு வருசத்துல கை இறுகிட்டு. ஒரு நாளு அவரு கைய ஓங்குததுக்கு முன்னால நான் ஓங்கிட்டேன். ஒரே அறை. வாசப்படியில போயி விழுந்து ரெண்டு பல்லு போச்சு. அதுக்கப்புறம் பத்தொம்பது வருசம் இருந்தாரு, ஒரு சுடுசொல் சொல்லல. சாகும்போது கூட 'இன்னாசி, நீ சாப்ட்டியா'ன்னு கேட்டுட்டுத்தான் செத்தாரு. தங்கமான மனுசரு. அவரத் தங்கமாக்குனது இந்தக் கை. இந்தக் கை இல்லாட்டி நான் யாரு, சொல்லுங்க.

ரெண்டு வருசத்துக்கு முன்னால வலது மாருல கட்டி வந்துட்டு. எடுத்துட்டாவ. மருந்து ஏத்துனாவ, கரண்டு வச்சாவ. மாரு போனதுக்கு நான் ஒரு சொட்டுக் கண்ணீர் விடல ஏட்டம்மா. பெத்தது ஒண்ணு, டெல்வின். அவன் பாலு குடிச்சு முடிச்சு, மீச வச்சு, கல்யாணமும் பண்ணிட்டான். பெறகு எனக்கு எதுக்கு அது? அப்போ டெல்வின் கடலுக்குப் போகாம என் கட்டையில நின்னு வெட்டுனான். நான் எந்திரிச்சதும் இடத்த என்கிட்ட விட்டுட்டு மறுபடி கொச்சிப் பக்கம் போட்டுல மீனு பிடிக்கப் போயிட்டான்.

இடத்த விடக் கூடாது, அதான் விசயம். எங்க மார்க்கெட்டுல ஒரு வழமை உண்டு. வெட்டுதவ ஒருத்தி நாளைக்கு வர மாட்டான்னா, தன் கட்டையக் கவுத்திப் போட்டுட்டுப் போவா. கவுத்துன கட்டைய எவளும் தொட மாட்டா. ஆனா பதினஞ்சு நாளைக்குத்தான். அதுக்கு மேல கவுந்தே கெடந்தா, எவ நிமித்துதாளோ அவ இடம். என் இடம் வாசல்ல இருந்து மூணாவது. வெளிச்சமும் உண்டு, தண்ணிக் குழாயும் பக்கம். அதுக்கு நாக்கத் தொங்கப் போட்டுட்டு எத்தன பேரு நிக்கான்னு உங்களுக்குத் தெரியாது.

ஒரு வருசம் நல்லா இருந்தேன். பெறகு கை வீங்குச்சு. மொதல்ல மோதிரம் இறுக்குச்சு, ஆசாரிட்ட போயி அறுத்தேன். பெறகு வளையல். பெறகு சட்டையில கை நொழைய மாட்டேன்னுட்டு. ஜெனோவா சட்டைக் கையப் பிரிச்சு ஒட்டுத் துணி வச்சுத் தச்சா. அதே நெறத்துல துணி தேடி நாலு கடை ஏறுனாளாம். யாரு ஏறச் சொன்னா? நாலு கடையிலயும் எங்க அத்தை கை இப்படி வீங்கிக் கெடக்குன்னு தம்பட்டம் அடிச்சிருப்பா.

அவதான் என்னைய பிசியோவுக்கு இழுத்துட்டு வந்தா. இந்த ஆஸ்பத்திரிதான், பின்பக்கக் கட்டடம். ரேணுகா மேடம்னு ஒரு பொண்ணு, முப்பது வயசு இருக்கும். அக்குள்ல இருந்த நெறியெல்லாம் எடுத்தாச்சுல்லா, நீரு வடியுத வழி அடைஞ்சுட்டு, அதான் கையிலயே தேங்குதுன்னு சொன்னா. முழுசாப் போகாதாம். அடக்கி வச்சுக்கிடலாமாம். அவ கையத் தடவுதத நீங்க பாக்கணும். சாமி சொரூபத்துல தூசி தொடைக்க மாதிரி தடவுதா. 'ஏம்மா, காலையில சாப்பிடலயா, அமுக்கித் தேயி'ன்னேன். 'அமுக்கக் கூடாதும்மா, தோலுக்குக் கீழதான் நீரு இருக்கு, மெதுவாத்தான் நகத்தணும்'னா. மெதுவா ஒரு காரியம் நடந்து நான் பாத்ததில்ல.

அவ சொன்ன சட்டமெல்லாம் கேளுங்க. கையில கீறல் படக் கூடாது. சூடு ஆகாது. கனம் தூக்கக் கூடாது. வேலைய விட வேண்டாமாம், அதுல தாராளம். ஆனா கட்டோட, அதுக்கு மேல ஒரு உறை போட்டு, அரை மணிக்கு ஒருக்க நிறுத்தி நிறுத்தி. பெரிய மீனு வேண்டாம், சாளை, நெத்திலின்னு சின்னதுல ஆரம்பிச்சு, கை பழகப் பழக ஏத்திக்கிடலாமாம். எனக்கு ரத்தம் கொதிச்சுட்டு. சாளை! வீட்டுல சின்னப் பிள்ளையளே ஆயும் ஏட்டம்மா அத. இன்னாசியம்மா மார்க்கெட்டுல உக்காந்து சாளை ஆயவா? பக்கத்துல பாத்தா ஜெனோவா ஒரு நோட்டுல எல்லாத்தையும் எழுதிக்கிட்டு இருக்கா. அவ சாளைன்னு எழுதுனத நான் என் கண்ணால பாத்தேன்.

நான் சாளை ஆயல. வழக்கம் போலப் போனேன், வழக்கம் போல வெட்டுனேன். சாயங்காலம் கை கல்லாக் கனக்கும். யார்ட்டயும் சொல்லல.

அப்பதான் கெளுத்தி முள்ளு ஏறுச்சு. கூடைய மாரோட அணைச்சுத் தூக்குனேன், முள்ளு கையோட உள் பக்கம், முழங்கைக்கு மேல ஏறிட்டு. ஏறுனதே எனக்குத் தெரியல. ஆப்பரேசன்ல இருந்தே அந்த இடம் மரத்துத்தான் கெடக்கு, கிள்ளுனாலும் தெரியாது. ரத்தம் வடியுதத வியாகுலம்தான் பாத்துச் சொன்னா. வியாகுலம்னா என் பக்கத்துக் கட்டைக்காரி. இருவது வருசப் பழக்கம், என்னைய மைனின்னுதான் கூப்பிடுவா. கெளுத்தி முள்ளுக்கு எங்க பக்கம் சுடுமணல்தான் மருந்து. கடல் மணல வறுத்து, துணியில முடிஞ்சு ஒத்தடம் குடுத்தா விசம் எறங்கிரும். கட்டையக் கவுத்திட்டு வந்தேன், வியாகுலம் வீட்டுக்கே வந்து வறுத்து ஒத்தடம் குடுத்தா.

ஜெனோவா எங்கயோ போயிட்டு வந்தவ இதப் பாத்ததும் ஒரே கூப்பாடு. 'சூடு ஆகாது அத்தை, மேடம் சொன்னாவல்லா, விடுங்க அத்தை'ன்னு முடிச்சப் பறிக்க வாரா. வியாகுலம் முன்னால என்னைய அதிகாரம் பண்ணுதா. இடது கையால ஒண்ணு வச்சேன். உதடு கிழிஞ்சுட்டு. வலது கையா இருந்தா பல்லு போயிருக்கும், அந்த மட்டுக்கு நான் யோசிச்சுத்தான் அடிச்சேன். அவ அழுதுக்கிட்டே மூலையில நின்னா. எனக்குச் சூடே ஒறைக்கல. 'இன்னும் நல்லா வறுட்டி'ன்னு வியாகுலத்துட்டச் சொன்னேன்.

மறுநாளு அந்த இடத்துல தோலு உரிஞ்சு தொங்குச்சு. ராத்திரி குளிருக் காய்ச்சலு, கட்டிலு ஆடுது. தோளு வரைக்கும் செவந்து, தொட்டா நெருப்பு. எட்டு நாளு இதே ஆஸ்பத்திரியில இடது கையில ட்ரிப்பு ஏத்திக் கெடந்தேன். வீட்டுக்கு வந்தும் எந்திரிக்க முடியல. இதெல்லாம் யாரால? ஜெனோவாவால. அவ வந்து கத்துனதுலதான் எனக்கு ரோசம் வந்துட்டு. அவ பேசாம இருந்திருந்தா ஒரு ஒத்தடத்தோட நான் நிறுத்தியிருப்பேன்.

பதினாலாம் நாளு வியாகுலம் பாக்க வந்தா. வந்து உக்காந்து கண்ணத் தொடைக்கா. என்னன்னு கேட்டா, 'மைனி, உங்க மருமக இன்னைக்கு உங்க கட்டைய நிமித்திட்டா'ங்கா. வியாகுலத்தோட தங்கச்சி மக ஒருத்தி, பாவம், இடம் இல்லாம குழாயடி ஓரத்துல நின்னு வெட்டுதா. 'இன்னும் ஒரு நாளுதான இருந்துச்சு, அதுக்குள்ள இந்தப் பிள்ள முந்திட்டாளே'ன்னு வியாகுலம் விம்முதா. என் நெலமைக்காக அழுத ஒரே ஆளு அவதான்.

அன்னைக்கு சாயங்காலம் ஜெனோவாவ முடியப் புடிச்சு இழுத்தேன். 'ஏட்டி, நான் சாகுததுக்கு முன்னாலயே என் எடத்துல உக்காந்துட்டியா'ன்னேன். 'இல்ல அத்தை, நீங்க வார வரைக்கும்தான்'னா. எல்லாரும் அப்படித்தான் சொல்லுவா.

அதுல இருந்து மூணு மாசம். நீங்க ஜெயில்னு சொல்லுதியள்லா, அத நான் வீட்டுலயே பாத்துட்டேன். விடியக்காலம் நாலரைக்கு என்னைய எழுப்பிருவா. மொதல்ல தடவுதது. மேடம் தடவுத மாதிரியே தடவுதா, அவகிட்ட போயிப் படிச்சிருக்கா. பெறகு ஒவ்வொரு விரலாச் சுத்துதது. பெறகு பஞ்சு. பெறகு கட்டுத் துணி, நாலு சுருளு. முக்கா மணி நேரம் என்னையப் பொட்டலம் கட்டுதா. பெறகு சுவத்துல விரலால மேல ஏறணும். எட்டுத எடத்துல பென்சிலால கோடு போட்டுத் தேதி எழுதுவா. டேப்பு வச்சுக் கைய அளப்பா. நாப்பத்தொண்ணு இருந்தது முப்பத்தாறுக்கு வந்துட்டு. அது நான் அந்தோணியாருக்குத் தொடர்ந்து பத்து செவ்வாக்கிழமை மெழுகுதிரி ஏத்துனதுக்கு வந்த பலன். அவ என்னடான்னா அத நோட்டுல எழுதி மேடத்துட்ட காட்டுதா, மேடம் அவள மெச்சுதா.

பெறகு எனக்குக் காப்பி போட்டு வச்சிட்டு மார்க்கெட்டுக்குப் போயிருவா. எதுக்குக் கட்டுதா? எந்திரிச்சு நான் பின்னாலயே வந்துரக் கூடாதுல்லா, அதுக்குத்தான். என் பெரிய கத்தி வீட்டுல இல்ல. கேட்டா, அது மார்க்கெட்டுலயே இருக்கட்டும் அத்தைங்கா.

நான் சும்மா கெடக்கல. சாயங்காலம் அவ வந்ததும் இன்னைக்கு என்ன மீனு, எப்படி வெட்டுனன்னு கேப்பேன். அவ சொல்லுவா. நான் திட்டுவேன். 'மணிக்கட்டால வெட்டுனா முள்ளு நசுங்கும்டி, தோளால வெட்டு. கத்திய எறக்கும்போது கண்ணு கத்தியில இருக்கக் கூடாது, மீனுல இருக்கணும், மூதேவி.' நல்லாத் திட்டுவேன். அவ எங்க வீட்டுக்கு வரும்போது மீனுக்குச் செவுளு எங்க இருக்குன்னு தெரியாது ஏட்டம்மா. உப்பளத்துல வேல பாத்த பிள்ள. அவளுக்கு யாரு சொல்லிக் குடுத்தான்னு எனக்கு இன்னைக்கு வரைக்கும் தெரியல. நான் சொல்லிக் குடுக்கல. திட்டத்தான் செஞ்சேன்.

நேத்து வியாகுலம் வந்தா. 'மைனி, இப்போ யாரும் இன்னாசியம்மா கட்டைன்னு சொல்லுததில்ல. ஜெனோவா கட்டைன்னுதான் சொல்லுதாவ'ன்னா. சொல்லிட்டு, காப்பியக் குடிச்சிட்டுப் போயிட்டா. எனக்கு ஒறக்கம் வரல.

இன்னைக்கு அவ போனதும் கட்ட அவுத்தேன். பல்லால கடிச்சு இழுத்து அவுத்தேன். நேரா மார்க்கெட்டு. கூட்டம். என் கட்டை. என் கத்தி. என் மருமக. நான் தூணுக்குப் பின்னால நின்னு பாத்தேன். ஒரு சீலாவ எடுத்தா, கட்டையில போட்டா, தோளால கத்திய எறக்குனா. தலை ஒரே வெட்டு. வாங்க வந்தவ 'அப்படியே ஒங்க அத்தை வெட்டுத மாதிரியே இருக்கும்மா'ங்கா. வயிறு எரிஞ்சுது எனக்கு. உண்மையச் சொல்லுதேன். பத்திக்கிட்டு எரிஞ்சுது.

முன்னால போயி நின்னேன். பாத்ததும் அவ மொதல்ல கேட்டது என்ன தெரியுமா? 'அத்தை, கட்டு போடாம வந்துட்டியளே'ன்னு. ஊரு கேக்கக் கத்துதா. பெறகு எந்திரிச்சா. 'உக்காருங்க அத்தை'ன்னா. சரி, வழிக்கு வந்துட்டான்னு உக்காந்தேன். உக்காந்ததும் ஒரு கூடை சாளைய என் முன்னால வச்சா. சின்னக் கத்தி ஒண்ணக் கையில குடுத்தா. பையில இருந்து ஒரு உறைய எடுத்து எனக்கு மாட்டிவிட வாரா. 'ஒரு மாசமா வாங்கி வச்சிருக்கேன் அத்தை, நீங்க எப்ப வருவியன்னு இருந்தேன். மேடம் சொன்ன மாதிரி மெதுவா ஆரம்பிங்க'ங்கா. நூறு பேரு முன்னால. எவளோ ஒருத்தி சிரிச்சா. வியாகுலம் இல்ல, வேற எவளோ.

கூடைய எத்துனேன். சாளை பூரா தரையில. அவ கிட்ட இருந்து பெரிய கத்தியப் பறிச்சேன். ஒரு சீலா கெடந்துச்சு, ஒன்பது கிலோ இருக்கும், இழுத்துக் கட்டையில போட்டேன். இப்பம் சிரிங்கடின்னு கத்தியத் தூக்குனேன். தோளுக்கு மேல தூக்குனேன் ஏட்டம்மா. சுவத்துல அந்த ஒசரத்துக்கு இன்னும் கோடு ஏறல. நான் தூக்குனேன். மீனு வழுக்குச்சு. ஜெனோவா குனிஞ்சு வாலுப் பக்கம் பிடிச்சா. நான் வெட்டும்போது யாரும் பிடிக்கக் கூடாது. எனக்குப் பிடிக்க ஆளு வேண்டாம். அவ பிடிச்சா. கத்தி எறங்கும்போது கை ஒரு பக்கமா இழுத்துட்டு, கனம் தாங்காம…

இல்ல. அத எழுதாதிய. இழுக்கல. எழுதிட்டியளா? அடிங்க.

என்ன கேக்கிய? தலைய வெட்டத் தூக்குன கத்தி வாலுக்கு எப்படிப் போச்சுன்னா? போச்சு. நான் போகச் சொன்னேன், போச்சு. தலைக்கும் வாலுக்கும் ரெண்டு முழம் இருக்குல்லாங்கிய. இருக்கட்டுமே. நான் குறி வச்சது மீனுக்குன்னு யாரு சொன்னா? அவ விரலுதான் குறி. வெட்டுனேன். ரத்தம் பீச்சியடிச்சு என் முகத்துல விழுந்துச்சு. அவ கத்தக் கூட இல்ல, விரலப் பிடிச்சுக்கிட்டு என்னையவே பாத்தா. ரெண்டு விரலு தோல்ல தொங்குது. கீழ கெடந்த சாளை பூரா செவப்பு.

வியாகுலம்தான் 'கொலை, கொலை'ன்னு கத்துனா. வேணும்னே வெட்டுனான்னு உங்ககிட்ட சாட்சி சொல்லியிருக்காளாம்லா? பாத்தியளா. மார்க்கெட்டுலயே உண்மை பேசுதது அவ ஒருத்திதான். அவ தங்கச்சி மகளும் கூட நின்னு சொன்னாளாம். கட்டைய அவங்களே கழுவிக் கவுத்திட்டு, 'நீங்க போங்க மைனி, இடத்த நாங்க பாத்துக்கிடுதோம்'னு சொல்லித்தான் என்னைய ஆட்டோவுல ஏத்துனாவ.

ஆட்டோவுல அவ பக்கத்துல உக்காந்தேன். என் முந்தானையக் கிழிச்சு அவ கையில சுத்துனேன். எனக்குச் சுத்தத் தெரியல. சுத்துதேன், அவுந்து அவுந்து விழுது. அவ ஒதடெல்லாம் வெளுத்துப் போச்சு. அந்த நெலமையில என்னையப் பாத்து, 'கையத் தொங்கப் போடாதிய அத்தை, ஒசத்தி வைங்க'ங்கா. யாரு கைய? என் கைய. வாய மூடுடின்னு சொன்னேன். சொல்லிட்டு மறுபடி சுத்துனேன்.

அது என்ன தலையணை? கைய அதுல ஏத்தி வைக்கவா? யாரு சொன்னா? அவளா? ஆப்பரேசனுக்கு உள்ள போகும்போது சொல்லிட்டுப் போனாளா? சரி, வைங்க. உங்களுக்காக வைக்கேன்.

வேற என்ன சொன்னா? எழுதி வாங்கியிருக்கியள்லா? வாசிங்க. எனக்கு வாசிக்கத் தெரியாதுன்னு இல்ல, கண்ணாடி இல்ல. வாசிங்க.

'அத்தை கையில் வலு இல்லை. கத்தியின் கனம் தாங்காமல் சாய்ந்துவிட்டது. அத்தைக்கு என் மேல் கோபம் கிடையாது.'

பாத்தியளா? பாத்தியளா அவ வேலைய? என்னையக் காப்பாத்துதாளாம். எப்படிக் காப்பாத்துதா? என் கை செத்த கைன்னு எழுதிக் குடுத்து. இதுக்கு ஒத்து நான் கையெழுத்து வேற போடணும். நான் ஜெயிலுக்குப் போனா, இன்னாசியம்மா வெட்டிட்டுப் போனான்னு ஒரு பேரு இருக்கும். வீட்டுக்குப் போனா? கை வெளங்காதவ, பாவம், சாளை ஆயச் சொன்னாவளாம், அதுக்கும் முடியலயாம்னு சொல்லுவாளுவ. டாக்டர் என்ன சொன்னாரு, அவ விரலு மடங்குமா? ஒட்டிருவாரா? பெறகு பிசியோவுக்குப் போகணுமா? போகட்டும். நான் போகலயா? மேடம்ட்டயே போகட்டும். மடங்கும்லா? நிச்சயமாச் சொன்னாரா?

வலு இல்லையாம்ல, வலு. உங்க கையக் குடுங்க ஏட்டம்மா. குடுங்க, கடிச்சிர மாட்டேன். தெனமும் கட்டு போட்டு முடிச்சதும் ஜெனோவா கைய நீட்டுவா. 'இறுக்கிப் பிடிங்க அத்தை, எம்புட்டு முடியுமோ அம்புட்டு'ம்பா. அதுவும் ஒரு பயிற்சி. நான் பிடிப்பேன். வச்சிருக்க கோவத்தையெல்லாம் சேத்துப் பிடிப்பேன். 'ஐயோ அத்தை, விரலு ஒடையுது, விடுங்க'ன்னு கத்துவா பாருங்க. எட்டு வீட்டுக்குக் கேக்கும். நேத்தும் கத்துனா. இன்னைக்குக் காலையிலயும் கத்துனா. விட்டதும் விரல ஊதி ஊதித் தேச்சுக்கிட்டேதான் செருப்ப மாட்டுவா. அந்தச் சத்தத்தக் கேட்டாத்தான் எனக்குக் காப்பி எறங்கும். மூணு மாசமா அதுலதான் என் உசிரே ஓடுது. அப்படிப்பட்ட பிடி இது. வலு இல்லையாம்.

இந்தா, பிடிச்சுட்டேன். வலிக்கா?

இருங்க, இன்னும் முழுசாப் பிடிக்கல. இப்போ? கத்தணும்னா கத்துங்க, ஆஸ்பத்திரிதான, யாரும் ஒண்ணும் நெனைக்க மாட்டாவ.

இப்போ?

பயப்படாமச் சொல்லுங்க. மூஞ்சிய ஏன் அப்படி வச்சிருக்கிய?

கொஞ்சங்கூட இல்லையா?

நான் பிடிச்சிருக்கதாவது தெரியுதா?

அப்போ அவ எதுக்குக் கத்துனா?

தெனமும்லா கத்துனா ஏட்டம்மா. ஒரு நாளு கூட விடாமக் கத்துனாளே.

அந்தப் பேப்பர இங்க கொண்டாங்க. அடிக்க வேண்டாம், அந்த வரி இருக்கட்டும். இருக்கபடியே இருக்கட்டும். எங்க போடணும், இங்கயா? பேனா நிக்க மாட்டேங்கு. இடது கையால போட்டா செல்லுமா?